21 கியர் சைக்கிளும் 46,000 ரூபாய் பாக்கியும்

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கைக்கு 36,000 வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு 24,000 ரூபாய்க்கு ஒரு எம்டிபி (மலைப்பாதை) சைக்கிள் வாங்கினேன். 21 கியர், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்பிரிங் ஃபோர்க். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு மாங்கரை வழியாக ஆனைகட்டி போய்வருவேன். ஏற்றத்தில் எப்போதும் நான்தான் கடைசி. ஃபோர்க், பிரேக், கியர் எல்லாம் மாற்ற 50,000 ஆகுமாம். அதற்கு 78,000 ரூபாய் சைக்கிளையே நோ காஸ்ட் இஎம்ஐயில், அதாவது வட்டியில்லாத் தவணையில், எடுத்துவிடலாம் என்கிறார் கடைக்காரர். சைக்கிளுக்காக வங்கி ஆர்டியில் (தொடர் வைப்பு) மாதம் 3,000 போட்டு 51,000 வைத்திருக்கிறேன். கிரெடிட் கார்டில் 46,000 பாக்கி, மச்சானுக்கு போன் வாங்கிக் கொடுத்தது. பில்லில் போடும் மினிமம் தொகையை மட்டும் தவறாமல் கட்டுகிறேன். எதைச் செய்யட்டும்?

பதில்: "தவறாமல் கட்டுகிறேன்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் பணம் ஒழுகுகிறது.

உங்கள் கார்டு பில்லை எடுத்துப் பாருங்கள். மாதம் 3.5% வட்டி என்று வைத்தால் 46,000க்கு 1,610. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, இன்னொரு 290. ஆக 1,900. நீங்கள் கட்டும் மினிமம் 5%, அதாவது 2,300. அசலில் குறைவது 400 ரூபாய்! அதே மாதத்தில் உங்கள் 51,000 ஆர்டி, 6.5% வட்டி என்று வைத்தால் சம்பாதிப்பது சுமார் 275. ஒரு கையால் 275 வாங்கி, மறு கையால் 1,900 கொடுக்கிறீர்கள். இன்னொன்றும் உண்டு. பாக்கி இருக்கும்வரை வட்டியில்லா நாட்கள் கிடையாது. அந்தக் கார்டில் ஒரு பிரேக் பேட் வாங்கினாலும் தேய்த்த அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

ஆகவே ஆர்டியை உடையுங்கள். முன்கூட்டி மூடுவதற்குக் கொஞ்சம் வட்டி குறைப்பார்கள், போகட்டும். வங்கியில் கேட்டு முழுப் பாக்கியையும் ஒரே தடவையில் கட்டுங்கள். அடுத்த பில்லில் சில நூறு ரூபாய் வட்டி மிச்சமாக வரும், பயப்படாமல் அதையும் கட்டிவிடுங்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ பற்றியும் சொல்லிவிடுகிறேன், அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குச் சலிப்பு. மாதம் 6,500 வீதம் 12 மாதம், 78,000. உள்ளே நடப்பது வேறு: கடைக்காரர் 6,000 தள்ளுபடி காட்டுவார், வங்கி 72,000ஐக் கடனாக எழுதி 15% போல வட்டி போட்டு அந்த 6,000ஐ வாங்கிக்கொள்ளும். வட்டி மீதான ஜிஎஸ்டி 1,080, அதற்கு மேல் பிராசஸிங் கட்டணம், இரண்டும் உங்கள் தலையில். ரொக்கம் கொடுத்தால் அந்த 6,000ஐ விலையில் குறைப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். மாதத் தவணை முழுசாக மினிமம் தொகையோடு சேரும் என்பதையும் கடையில் சொல்லமாட்டார்கள். பழைய பாக்கியும் இருந்தால் மாதம் 8,800 கட்ட வேண்டிவரும்.

இனி சைக்கிள். 24,000 ரூபாய் ஃபிரேமில் 50,000 போடுவதை நான் ஒப்பமாட்டேன். இந்த விலை ஃபிரேம்களில், ஃபோர்க்கின் தண்டு நுழையும் ஹெட் ட்யூப் பெரும்பாலும் மேலும் கீழும் ஒரே அளவு. நல்ல ஏர் (காற்றழுத்த) ஃபோர்க்குகளோ அடியில் தடித்த தண்டோடு வருகின்றன, அச்சும் வேறு. ஃபோர்க் மாற்றப் போனால் முன்சக்கரமும் மாறும். 10 கியர் கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) போட நினைத்தால், பல்சக்கரங்களைத் திருகி மாட்டும் உங்கள் ஃப்ரீவீல் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) அது உட்காராது. பின்சக்கரம், கியர் மாற்றும் ஷிஃப்டர், செயினை நகர்த்தும் டீரெய்லர், செயின் என்று வரிசையாகச் செலவு வரும். அத்தனையும் செய்தபின் விற்கப் போனால் பழைய சைக்கிள் விலைதான்.

அதோடு நீங்கள் ஏறுவது தார் ரோடு. அங்கே ஃபோர்க்குக்கு என்ன வேலை? ஏற்றத்தில் நின்று மிதித்தால் அது அமுங்கி உங்கள் உழைப்பைத்தான் தின்னும். பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் 28 பல் என்றால், 14-34 பல் கொண்ட 7 கியர் ஃப்ரீவீல் அதே சக்கரத்தில் ஏறும், ஏற்றத்தில் மிதிப்பதும் இலகுவாகும். டீரெய்லர் 34 பல்லைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செயினோடு சேர்த்து 2,000க்குள் முடியும். மொட்டுமொட்டாக இருக்கும் டயரைக் கழற்றி, நடுவில் வழவழப்பான ஒரு ஜோடி போடுங்கள், இன்னொரு 2,500. ரோட்டில் வரும் அந்த உறுமல் நின்றாலே வித்தியாசம் தெரியும். கார்டை அடைத்தபின் ஆர்டியில் மிஞ்சும் ஐயாயிரத்தில் இவ்வளவும் அடங்கும்.

மினிமம் கட்டிய 2,300, ஆர்டிக்குப் போன 3,000, இரண்டையும் சேர்த்து மாதம் 5,300 ஒதுக்குங்கள். 13 மாதத்தில் 68,900. பழைய சைக்கிளுக்குப் பத்தாயிரம் கிடைத்தால் அந்த 78,000 சைக்கிள் ரொக்கமாகவே உங்களுடையது. அதற்குள் ஆசை போய்விட்டால் பணம் மிச்சம்.

மச்சானிடம் கணக்கைக் காட்டி மாதம் 2,000 கேளுங்கள். நோட்டில் எழுதி வைத்தே கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அடுத்த போன் அவர் கார்டில் வாங்கட்டும்.