ரிசர்வ் வங்கிக்குக் கருத்து அனுப்பினால் யாராவது படிக்கிறார்களா?

கேள்வி: டிஜிட்டல் பணப் பரிவர்த்தனை விதிகளுக்கு ரிசர்வ் வங்கி பொதுமக்களிடம் கருத்து கேட்கிறதே, நம்மைப் போன்றவர்கள் எழுதினால் பயன் உண்டா?

படிப்பார்கள் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் எப்படி எழுதினால் வீண் என்று தெரியும்.

2022 ஆகஸ்ட் 17 அன்று பணப் பரிவர்த்தனைக் கட்டணங்கள் பற்றி ரிசர்வ் வங்கியின் விவாத அறிக்கை ஒன்று வெளியானது. யுபிஐக்குக் கட்டணம் வைக்கலாமா என்பது அதில் ஒரு கேள்வி, அவ்வளவுதான். கடையில் 800 ரூபாய் யுபிஐயில் கைமாறினால், அதை நடத்திக் கொடுக்கும் எல்லோருக்கும் சேர்த்து 2 ரூபாய் செலவாகிறது என்று கணக்கும் போட்டிருந்தார்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றியது, “ஜிபே பண்ணா காசு பிடிப்பாங்களாம்” என்பதுதான். நாலே நாளில், கட்டணம் விதிக்கும் எண்ணம் இல்லை என்று நிதியமைச்சகம் சொல்லிவிட்டது. அந்த 2 ரூபாயை யார் தருவது என்ற பேச்சு அத்தோடு அமுங்கிப்போனது. கருத்துச் சொல்ல அக்டோபர் 3 வரை நேரம் இருந்தது!

நான் எழுதியது 2024 ஏப்ரல் 16-ல் வந்த விதி வரைவுக்கு. எனக்கு ஜெராக்ஸ் கடை. கடைகளுக்கு க்யூஆர் அட்டை, ஸ்வைப் மெஷின் கொடுத்து, நம் பணத்தை வாங்கி நமக்கே அனுப்பும் இடைத்தரகு நிறுவனங்களைப் பற்றியது அது. வங்கி அல்லாதவர்கள் அனுமதி கேட்கும்போது 15 கோடி நிகர மதிப்பு (சொத்தில் கடன் போக மிச்சம்) காட்டணும், பிறகு அதை 25 கோடியாக்கணும் என்றெல்லாம் இருந்தது. அதில் ஜெராக்ஸ் கடைக்காரன் சொல்ல என்ன இருக்கிறது?

என் கண்ணில் பட்டது வேறு. அந்த வரைவுப்படி வருட விற்பனை 5 லட்சத்துக்குக் கீழ் என்றால், அந்த நிறுவனம் கடைக்கு நேரில் வந்து பார்த்து, வங்கிக் கணக்கைச் சரிபார்த்தால் போதும் என்றிருந்தது. அதைத் தாண்டினால் கடை பெயரில் ஓர் ஆவணமும் வேண்டும் என்றிருந்தது. ஒரு நாளைக்கு 1,400 ரூபாய் விற்றாலே 5 லட்சம் தாண்டிவிடும், அது லாபமும் இல்லை. என் கடை கரண்ட் பில்லோ வீட்டு ஓனர் பெயரில். முன்பு ஒரு நிறுவனம் இதே காரணத்தைச் சொல்லி ஒன்பது நாள் என் பணத்தை நிறுத்தி வைத்திருந்தது. பத்தி எண், அந்த 1,400 கணக்கு, அந்த ஒன்பது நாள், எல்லாம் சேர்த்து எட்டு வரி. மே 31 கடைசி நாள், 29-ம் தேதி மெயில் போட்டேன்.

தனியாகப் பதில் எதுவும் வரவில்லை. இறுதி விதிகள் 2025 செப்டம்பர் 15-ல்தான் வந்தன. கரண்ட் பில் இன்னும் ஓனர் பெயரில்தான் வருகிறது.