சோதனைகளில் குறையில்லை என்றால் என் மகளின் நோவு பொய்யா?

பைப்ரோமயால்ஜியா (உடலெங்கும் நீண்டகாலம் நோவு தரும் நிலை) என வைத்தியர் கூறிய தம் 15 வயது மகளின் இரத்தப் பரிசோதனைகள் யாவும் சீராக இருக்க, நோவு மட்டும் ஏன் மாறவில்லை என்று கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

அம்மா, அந்த நோவு முற்றிலும் உண்மையானது. தசையிலோ மூட்டிலோ காயம் இல்லாதபோதும், முண்ணாணும் மூளையும் நோவுச் சமிக்ஞைகளைப் பெருக்கிவிடுகின்றன. மூளைத்தண்டிலிருந்து இறங்கி அவற்றைத் தணிக்க வேண்டிய நரம்புவழிகளும் போதியளவு இயங்குவதில்லை. 2002ஆம் ஆண்டில் வெளியான மூளைப் படப்பிடிப்பு ஆய்வொன்றில், இந்நோயுள்ள வளர்ந்தோரின் பெருவிரல் நகத்தில் கொடுத்த மெல்லிய அழுத்தமே, ஏனையோரிடம் ஏறத்தாழ இருமடங்கு அழுத்தம் உண்டாக்கும் மூளைச் செயற்பாட்டை உண்டாக்கியது.

நித்திரைக் குறைவு இந்நிலையை மோசமாக்கும். படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் பிள்ளைகளுக்கு உதவுகின்றன. பாடசாலைக்குக் கள்ளமடிக்கிறாள் என்று அயலார் சொன்னால், தயவுசெய்து அவள் பக்கம் நில்லுங்கள்.