டேப்லெட்டா, சிறிய மடிக்கணினியா? – கேள்வி பதில்

கேள்வி: நான் ஆய்வு மாணவன். நாள்தோறும் பி.டி.எஃப். கட்டுரைகளைப் படித்துக் குறிப்பெடுக்க வேண்டும். 11 அங்குல டேப்லெட் வாங்குவதா, ஏறத்தாழ அதே அளவுள்ள மடிக்கணினி வாங்குவதா?

பதில்: படிப்பதற்கு டேப்லெட்டே ஏற்றது. அங்குலக் கணக்கு திரையின் மூலைவிட்டத்தை மட்டுமே சொல்கிறது. பக்கம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதைத் திரையின் வடிவமே முடிவு செய்கிறது. ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ. ஆனால், 16:9 விகிதமுள்ள 11.6 அங்குல மடிக்கணினித் திரையின் உயரம் ஏறத்தாழ 144 மி.மீ.தான். ஆகவே ஒரு பக்கத்தை முழுதாகக் காண அதைப் பாதிக்கும் கீழே சுருக்க வேண்டும். சுருக்காவிட்டால் படிப்பதைவிட உருட்டுவதே பெரிய வேலையாகிவிடும். 4:3 விகிதமுள்ள 11 அங்குல டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால், அதே பக்கம் முக்கால் பங்கு அளவில் முழுதாகத் தெரியும். ஓரக்குறிப்பு எழுதுவதானால், அந்த மாதிரிக்கென உள்ள மின்பேனாவைத் திரை ஏற்கிறதா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் முனைக் குச்சியால் எழுதினால் உள்ளங்கை பட்ட இடமெல்லாம் கோடு விழும். ஆய்வேட்டை எழுதத் தொடங்கும்போது உங்களுக்கு மடிக்கணினியும் தேவைப்படும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பகமும் கொண்ட சிறிய மடிக்கணினி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவே அதுதான். அந்த அளவில் அதை நிறுவலாம், நிம்மதியாக வேலை செய்ய இயலாது. பெட்டியில் 1000-இன் மடங்குகளாக எண்ணி 64 ஜிபி என்று அச்சிட்டிருப்பதை, 1024-இன் மடங்குகளாக எண்ணும் விண்டோஸ் ஏறத்தாழ 59.6 ஜிபி என்றே காட்டும். இயங்குதளமும் புதுப்பிப்புகளும் எடுத்துக்கொண்டது போக எஞ்சுவதில்தான் உங்கள் கோப்புகள் இருக்க வேண்டும். இவ்வகைக் கணினிகளில் இ.எம்.எம்.சி. என்னும் சில்லு வடிவச் சேமிப்பகமும் பெரும்பாலும் ரேமும் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பற்றவைத்ததைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி. சேமிப்பகமும் உள்ள கணினிக்குப் பணம் போதவில்லையென்றால், அந்தத் தொகைக்கு ஒரு நல்ல டேப்லெட் வாங்குவதே மேல்.

கேள்வி: எந்த நிறுவனத்தின் டேப்லெட் சிறந்தது?

பதில்: என்ன வேலைக்கு என்று எழுதுங்கள், பிறகு பேசலாம்.

கேள்வி: டேப்லெட்டுடன் விசைப்பலகை உறையும் வாங்கினால் அதுவே மடிக்கணினி ஆகிவிடாதா?

பதில்: மேசைமேல் ஆகும், மடிமேல் ஆகாது. மடிக்கணினியில் மின்கலமும் தாய்ப்பலகையும் விசைகளுக்கு அடியில் இருப்பதால் கனம் கீழே தங்குகிறது. டேப்லெட்டில் அனைத்தும் திரைக்குப் பின்னால் இருப்பதால், மெல்லிய உறையோடு மடியில் வைத்தால் அது பின்பக்கம் சாயப் பார்க்கும்.

அதே நண்பர்: நான் இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் எழுதுகிறேன், ஐயா. ஒருமுறைகூடச் சாய்ந்ததில்லை. தாங்கள் மிகைப்படுத்துகிறீர்கள்.

பதில்: எதன்மேல் வைத்து எழுதுகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

இன்னொருவர்: கனமான அடிப்பாகமும் கீலும் உள்ள உறைகள் வந்துவிட்டன. அவை மடியிலும் நிற்கின்றன.

பதில்: நிற்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிற்பதற்கான கனத்தை அடியில் சேர்த்திருக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது. 12.9 அங்குல ஐபேட் ப்ரோவையும் அதற்குரிய மேஜிக் கீபோர்டையும் சேர்த்து நிறுத்தால், 1.24 கிலோ எடையுள்ள 13 அங்குல மேக்புக் ஏரைவிடக் கூடுதலாகவே இருக்கும். எடை குறைவென்று டேப்லெட்டைத் தேர்ந்தெடுத்தவர், எடையையும் சுமந்து இரண்டு பொருள்களுக்கும் விலை கொடுக்கிறார்.

முதல் நண்பர்: வேண்டாதபோது உறையைக் கழற்றிவிடலாமே! மடிக்கணினியில் அது முடியுமா?

பதில்: முடியாது. அந்த வாதத்துக்கு என்னிடம் மறுப்பில்லை. கடந்த மாதத்தில் எத்தனை நாள் கழற்றினீர்கள் என்பதை மட்டும் நேர்மையாக எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: மின்னூல் படிக்க எது நல்லது?

பதில்: முதல் பதிலிலேயே இருக்கிறது.

கேள்வி: அலுவலகத்தின் எக்செல் கோப்புகளில் மேக்ரோக்கள் (வேலைகளைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்புகள்) உண்டு. டேப்லெட்டில் இயங்குமா?

பதில்: ஐபேடுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் உரிய எக்செலில் கோப்பு திறக்கும், மேக்ரோ இயங்காது. உங்களுக்கு விண்டோஸ் மடிக்கணினிதான்.

கேள்வி: இப்போது 4 ஜிபி ரேமோடு வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்கிறார் கடைக்காரர்.

பதில்: இரண்டாம் பதிலைப் படிக்காமலேயே கேட்டிருக்கிறீர்கள். கூடுதல் ரேமுக்கான காலி இடம் எங்கே இருக்கிறது என்று அவரையே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய டேப்லெட்டின் திரை உடைந்துவிட்டது. மாற்றினால் பயனுண்டா?

பதில்: பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள், அது என் துறையன்று.

கேள்வி: 2016-இல் வந்த சிறிய மடிக்கணினி ஒன்றைக் பயன்படுத்திய நிலையில் விற்கிறார்கள். புதிய டேப்லெட்டைவிட அது மேலா?

பதில்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பு வேண்டும், இன்டெல் செயலிகளில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தையவற்றை, ஒரு சில விலக்குகள் தவிர, அது ஏற்பதில்லை. ஆகவே 2016-ஆம் ஆண்டுக் கணினியை அது பெரும்பாலும் ஏற்காது. லினக்ஸ் என்னும் வேறோர் இயங்குதளத்தை நிறுவித் தட்டச்சுக்கும் இணையத்துக்கும் மட்டும் பயன்படுத்துவீர்கள் என்றால் வாங்கலாம். விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதை அங்கேயே அமர்ந்து சோதியுங்கள். ரேம் பற்றவைத்ததா, கழற்றக்கூடியதா என்பதையும் கேளுங்கள்.