எது ‘பெரிய’ அந்துப்பூச்சி? பெட்டியில் அடுக்குவதற்கு முன் ஒரு விளக்கம்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் மன்றத்துக்குப் பொறுப்பாசிரியையாக இருக்கிறேன். செம்பனை ஆலையின் விளக்கடியில் செத்துக் கிடக்கும் அந்துப்பூச்சிகளையும், பள்ளித் தோட்டத்தில் கிடைக்கும் வண்ணத்துப்பூச்சிகளையும் மாணவர்கள் சேகரித்து வைத்திருக்கிறார்கள். எங்களிடம் உள்ள பழைய கையேடு இவற்றை மேக்ரோலெபிடோப்டெரா (பெரியவை), மைக்ரோலெபிடோப்டெரா (சிறியவை) என்று இரண்டாகப் பிரிக்கிறது. இறக்கை எத்தனை சென்டிமீட்டர் இருந்தால் பெரியதில் சேர்ப்பது? கையேட்டில் ஆர்க்டியிடே என்றிருக்கும் குடும்பம் புதிய பட்டியல்களில் எரெபிடே என்று இருக்கிறதே, எதை எழுதுவது?

பதில்: அளவுகோல் இந்த வேலைக்கு உதவாது. மேக்ரோ, மைக்ரோ என்ற பிரிவு சேகரிப்பாளர்களின் வசதிக்காக ஏற்பட்ட வழக்கம். எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் என்பதை மரபாக முடிவு செய்துவிட்டார்களே தவிர, ஒவ்வொரு பூச்சியையும் அளந்து பார்த்து யாரும் பிரிக்கவில்லை. அதனால்தான் உங்கள் பள்ளித் திடலில் புல்லை ஒட்டிப் பறக்கும், இறக்கை விரிந்தால் இரண்டு சென்டிமீட்டர் அளவே வரும் சிறு நீல வண்ணத்துப்பூச்சியும் ‘பெரிய’ பிரிவில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 30 கிராம் வரை எடை கூடும் மரந்துளைப்பான் அந்துப்பூச்சி சேர்ந்த கோசிடே குடும்பமோ, வம்சப்படி பார்த்தால் அந்தப் பிரிவுக்கு வெளியே நிற்கிறது. பேரன் நெட்டையாக வளர்ந்துவிட்டான் என்பதற்காகச் சித்தப்பா முறைக்கு வந்துவிடுவதில்லை அல்லவா?

இந்தக் குழப்பத்துக்கு வயது அதிகம். உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-இல் செதிலிறகுப் பூச்சிகள் (வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி இரண்டும்) அனைத்தையும் மூன்றே பேரினங்களில் அடக்கினார்: வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பப்பிலியோ, பருந்து அந்துப்பூச்சி வகைகளுக்கு ஸ்பிங்ஸ், மீதமுள்ள அத்தனைக்கும் ஃபலீனா. பின்னால் வந்தவர்கள் அந்த மூன்றாவதைப் பல குடும்பங்களாக உடைத்தபோதும், வண்ணத்துப்பூச்சி வேறு, அந்துப்பூச்சி வேறு என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. மரபணு ஆய்வுகள் காட்டும் சித்திரம் வேறு. வண்ணத்துப்பூச்சிகள் அந்துப்பூச்சிகளின் வம்சத்துக்குள்ளேயே கிளைத்த, பகலில் பறக்கப் பழகிய ஒரு கிளை. இன்னும் வியப்பானது, நெல் தண்டைத் துளைக்கும் பூச்சி சேர்ந்த பைரலாய்டியா என்னும் பெருங்குடும்பம், ‘மைக்ரோ’ என்று ஒதுக்கப்பட்டிருந்தும், வண்ணத்துப்பூச்சிகளைவிட, ‘மேக்ரோ’வில் உள்ள பருந்து அந்துப்பூச்சிகளுக்கு நெருங்கிய உறவாகவே பெரும்பாலான ஆய்வுகளில் அமைகிறது. ஆகவே பழைய ‘மேக்ரோ’ ஒரே வம்சமன்று. அதிலிருந்து வண்ணத்துப்பூச்சிகளை விலக்கி, எஞ்சிய அந்துப்பூச்சிக் குடும்பங்களுக்கு இன்று மேக்ரோஹெட்டிரோசெரா என்ற பெயர் வழங்குகிறது. நாக்டுயிடே, எரெபிடே, ஜியோமெட்ரிடே, ஸ்பிஞ்சிடே, சேட்டர்னியிடே முதலியவை அதில் அடங்கும்.

தோட்டத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இதை விளக்கச் செம்பனையே போதும். ஓலையில் பை கட்டித் தொங்கும், மலாயில் ‘உலாட் புங்குஸ்’ எனப்படும் புழு சைக்கிடே குடும்பத்தைச் சேர்ந்தது. தொட்டால் எரியும் பச்சைப் புழு லிமகோடிடே. இரண்டுமே மேக்ரோஹெட்டிரோசெராவில் இல்லை. அதே ஓலையைத் தின்று வளர்ந்து, பொழுது சாயும் நேரத்தில் பறக்கும் பழுப்பு நிற அமதூசியா ஃபிடிப்பஸைப் பலர் அந்துப்பூச்சி என்றே நினைக்கிறார்கள், அது வண்ணத்துப்பூச்சி. மாறாக, பின்னிறக்கையில் வெள்ளை வாலோடு விளக்குக்கு வரும் லிஸ்ஸா சாம்பா, பார்ப்பதற்கு வண்ணத்துப்பூச்சி போலிருந்தாலும் யுரேனியிடே குடும்பத்து அந்துப்பூச்சி.

இவற்றைப் பிரித்தறிய உணர்கொம்பை முதலில் பாருங்கள். வண்ணத்துப்பூச்சியின் கொம்பு நுனியில் தடித்திருக்கும், அமதூசியாவில் அந்தத் தடிப்பு மெல்லியது. வாழையிலையைச் சுருட்டும் எரியோனோட்டாவைப் போன்ற துள்ளி வகை வண்ணத்துப்பூச்சிகளில் நுனி கொக்கியாக வளையும். லிஸ்ஸாவின் கொம்போ நூல்போல் ஒரே சீராக இருக்கும். அடுத்து, பூச்சியைக் கவிழ்த்து, பின்னிறக்கை உடலோடு சேரும் இடத்தின் முன்விளிம்பைக் கைலென்சில் பாருங்கள். பல அந்துப்பூச்சிகளில் அங்கிருந்து ஒரு முள்மயிர் முன்னோக்கி நீண்டு, முன்னிறக்கையின் அடியிலுள்ள கொக்கியில் மாட்டியிருக்கும். பறக்கும்போது இரு இறக்கைகளும் சேர்ந்து அசைவது அதனால்தான். ஆணுக்கு அது தடித்த ஒற்றை மயிர். பெண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. ஆனால் அட்லஸ் அந்துப்பூச்சியில் அதைத் தேடி ஏமாறாதீர்கள். அது சேர்ந்த சேட்டர்னியிடே குடும்பத்தில் அந்த மயிர் கிடையாது.

ஆர்க்டியிடே பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது: எரெபிடே என்றே எழுதுங்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு ஆர்க்டியிடேயும், அரிக்கும் கம்பளிப்பூச்சிகளின் லைமான்ட்ரியிடேயும் துணைக்குடும்பங்களாகி, எரெபிடேக்குள் ஆர்க்டியினே, லைமான்ட்ரியினே என்று அமர்ந்துவிட்டன. வண்ணத்துப்பூச்சிகளிலும் அப்படித்தான், பழைய நூல்களின் டனாயிடே, சாட்டிரிடே, அமதூசியிடே மூன்றும் இப்போது நிம்ஃபாலிடேயில் அடங்கும். கையேட்டின் ஓரத்தில் இவற்றைப் பென்சிலால் குறித்துக்கொண்டால் போதும், அந்தக் கையேட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் படங்களும் இனங்களின் விளக்கங்களும் இன்றும் பயன்படும்.

பெட்டிகளைக் குடும்பவாரியாக அடுக்குங்கள். ஒவ்வொரு ஊசியிலும் இரண்டு சீட்டுகள் இருக்கட்டும்: மேல் சீட்டில் கிடைத்த இடம், நாள், சேகரித்தவர் பெயர், விளக்கடியா புதரா என்ற குறிப்பு, கீழ்ச் சீட்டில் குடும்பமும் அறிவியல் பெயரும். குடும்பப் பெயர் மீண்டும் மாறக்கூடும், அப்போது கீழ்ச் சீட்டை மட்டும் மாற்றினால் போதும். மேல் சீட்டில் ஒருபோதும் கைவைக்க வேண்டாம்; அது தொலைந்த பூச்சி அலங்காரப் பொருளாகிவிடும். பால்பாயிண்ட் மை இங்குள்ள ஈரக்காற்றில் மங்கிவிடும் என்பதால் பென்சிலாலேயே எழுதச் சொல்லுங்கள்.

ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சி உங்கள் பேராக் மாநிலத்தின் காட்டோரங்களில் இன்றும் பறக்கிறது. அது 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. மாணவர் ஒருவர் செத்த ஒன்றைக் கொண்டுவந்தாலும், பெட்டியில் குத்துவதற்கு முன் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.