'மூடி' மனிதர்

அன்புள்ள ஐயா,

ஓர் ஆங்கிலச் சிறுகதையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் வீட்டுக்காரரை 'மூடி மேன்' (moody man) என்று அறிமுகப்படுத்துகிறார்கள். 'எப்போதும் சோகமாக இருப்பவர்' என்று எழுதினேன். அடுத்த பக்கத்திலேயே அவர் தெருப் பிள்ளைகளோடு பந்து விளையாடுகிறார். மறுநாள் அதே பிள்ளைகள் கதவைத் தட்டினால் திறப்பதில்லை. 'மனநிலை மாறும் இயல்புடையவர்' என்று வைத்தால் மருத்துவ அறிக்கை மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?

க.

அன்புள்ள க.,

சோகம் வேண்டாம். உங்களைக் குழப்பியது அந்தச் சொல் பார்க்கும் இரட்டை வேலை. 'இன்றைக்கு மூடியாக இருக்கிறான்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்று பொருள். நாளைக்குச் சரியாகிவிடலாம். 'மூடி மனிதர்' என்றால் அது சுபாவம்; பெரும்பாலும் எப்போது எப்படி இருப்பார் என்று சொல்ல முடியாதவர். உங்கள் வீட்டுக்காரர் இந்த ரகம்.

நம்மூரில் மூன்றாவதாக ஒரு பொருளும் சேர்ந்துகொண்டது. 'அவன் மூடி டைப்' என்றால் யாரோடும் ஒட்டாதவன், வாயைத் திறக்காதவன். தமிழ் 'மூடி'யின் வாடை பட்டு இப்படி ஆயிற்றோ என்று எனக்கு விளையாட்டாகத் தோன்றுவதுண்டு. உங்கள் 'சோக'த்துக்கும் இந்தப் பழக்கமே காரணமாக இருக்கலாம்.

இந்தச் சொல்லின் பூர்வீகம் வேறு. பழைய ஆங்கிலத்தில் 'மோட்' என்றால் மனம், ஊக்கம், துணிவு. அதிலிருந்து வந்த அடைமொழிக்கு வீரமுள்ளவன், செருக்குள்ளவன் என்று பொருள். ஸ்வீடிஷ் மொழியில் அதன் உறவுச்சொல்லான 'மூடிக்' இன்றும் தைரியசாலியைத்தான் குறிக்கிறது. ஜெர்மனில் 'மூட்' என்றால் துணிச்சல். ஆங்கிலத்தில் மட்டும் வீரம் செருக்காகி, செருக்கு கோபமாகி, கோபம் உம்மென்று உட்கார்ந்துவிட்டது. ஷேக்ஸ்பியர் 'காமெடி ஆஃப் எரர்ஸ்' நாடகத்தை எழுதும்போதே அது 'மெலன்கலி'யோடு, அதாவது மனச்சோர்வோடு, ஒட்டிக்கொண்டுவிட்டது. (ஆங்கில இலக்கணத்தில் வினைச்சொல்லின் பாங்கைக் குறிக்கும் 'மூட்' லத்தீன் வழி வந்தது, அதை இதோடு சேர்க்காதீர்கள்.)

'மெர்குரியல்' என்ற ஆங்கிலச் சொல்லும் மாறுகிற சுபாவத்தைத்தான் குறிக்கிறது. ஆனால் அதில் துறுதுறுப்பும் புத்திக்கூர்மையும் உண்டு. 'மெர்குரி' என்ற புதன் கிரகத்தின் பெயரால் வந்தது அல்லவா, நம் ஜோசியத்திலும் புதன் புத்திக்காரகன்தான். சனியிலிருந்து வந்த 'சாட்டர்னைன்' மாறவே மாறாத இறுக்கம். மந்தன் என்று சனிக்கு நாம் பெயர் வைத்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 'மூடி' மாறும், ஆனால் இருட்டுப் பக்கமாகச் சாய்ந்தபடி மாறும்.

தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். உம்மணாமூஞ்சி, சிடுமூஞ்சி இரண்டும் நல்ல சொற்கள்தான், ஆனால் இரண்டும் ஒரே முகத்தில் நின்றுவிடுகின்றன. அவரைப் பந்து விளையாட விடாது. நம் பேச்சு இப்படிப்பட்ட ஆளைப் பொழுதை வைத்துத்தான் பிடிக்கும்: 'நேரத்துக்கு ஒரு குணம்'. நானாக இருந்தால் 'வீட்டுக்காரருக்கு நேரத்துக்கு ஒரு குணம்' என்றே தொடங்குவேன். கதவு திறக்காத காட்சியில் அதைத் திரும்பச் சொல்லாதீர்கள். அங்கே கதவே சொல்லிவிடும்.