பெல்லட்டை அழுத்தினால் கண்ணாடி மாறுமா?

கேள்வி: எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக சோடியம் சிலிக்கேட் கண்ணாடி உருக்கி எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்தேன். சோடாவை (சோடியம் ஆக்சைடை) கூட்டக் கூட்ட, அலை எண் (செ.மீ.க்கு எத்தனை அலை என்பது) 1,100 பக்கம் இருந்த பெரிய உட்கவர் பட்டை 1,050-ஐ நோக்கி இறங்குகிறது. 950-இல் ஒரு புடைப்பு வேறு. கண்ணாடித் தூளைப் பொட்டாசியம் புரோமைடு உப்போடு கலந்து செய்யும் பெல்லட்டை (வில்லையை) 10 டன் போட்டு அழுத்தியதால்தான் இப்படி என்கிறார் சீனியர். அப்படியா?

பதில்: இல்லை, அது உங்கள் சோடாவின் வேலை. 13 மி.மீ. டையில் (அச்சில்) 10 டன் என்றால் அழுத்தம் கிட்டத்தட்ட முக்கால் ஜிகாபாஸ்கல்தான். வெறும் சிலிக்கா கண்ணாடி அறை வெப்பநிலையில் நிரந்தரமாகச் சுருங்க 9, 10 ஜிகாபாஸ்கல் வேண்டும். சோடா சேர்ந்தால் அந்த வரம்பு இறங்கும்தான், ஆனாலும் பெல்லட் பிரஸ் அதை எட்டாது.

சீனியர் சொன்னதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நிஜமான உயர் அழுத்தத்தில் சுருங்கிய கண்ணாடியிலும் அந்த 1,100 பட்டை கீழேதான் இறங்கும். திசை ஒன்று, காரணம் வேறு. அழுத்தினால் சராசரியாக 144 டிகிரி அளவில் இருக்கும் சிலிக்கான்-ஆக்சிஜன்-சிலிக்கான் கோணம் குறுகும், பிணைப்பு அறுவதில்லை. சோடாவோ தன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு சிலிக்கானை இணைக்கும் ஓர் ஆக்சிஜன் பாலத்தை அறுத்து, ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கும் ஆக்சிஜன் இரண்டை விட்டுவைக்கும். உங்கள் 950 புடைப்பு அதுதான். அதனால் பட்டை எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், 950-ஐயும் சேர்த்துப் பாருங்கள். சுருங்கிய சிலிக்காவில் அந்தப் புடைப்பு வராது, 800 பக்கத்துச் சின்னப் பட்டை மட்டும் கொஞ்சம் மேலே ஏறும்.

இன்னும் சந்தேகமா? மிருதுவாகும் நிலைக்குக் கீழேயே நிறுத்திப் போதிய நேரம் சூடாக்குங்கள். அழுத்தத்தால் வந்த மாற்றம் தளர்ந்துவிடும், சோடாவால் வந்தது அப்படியே நிற்கும்.

உருகிய நிலையிலேயே பல ஜிகாபாஸ்கலில் அழுத்திச் சட்டென்று குளிர்வித்தால் கதையே வேறு. சோடியம் டெட்ராசிலிக்கேட்டில் அப்படிச் செய்தபோது 4 ஆக்சிஜனுக்குப் பதிலாக 5, 6 சூழ்ந்த சிலிக்கான் கிடைத்ததை சிலிக்கான்-29 என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) சோதனை காட்டியிருக்கிறது. கலவையும் அழுத்தமும் கைகோக்கும் இந்த இடம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. பூமிக்கடியில் மாக்மா எப்படி அடர்கிறது என்பதற்கே இது துப்பு.

அப்புறம், பெல்லட்டைவிட நீங்கள் பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. சோடா கூடிய தூள் அரைத்தவுடனே காற்றிலிருந்து நீரையும் கரியமில வாயுவையும் இழுக்கும். 3,400, 1,640, 1,450 என்று பட்டைகள் தெரிந்தால் முதலில் அதைச் சந்தேகப்பட்டு, தூளை டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலத்தில்) வைத்து அன்றைக்கே நிறமாலை எடுத்துவிடுங்கள்.