15 பைட் நகலுக்கு இரண்டு 8 பைட் ஆணைகள் ஏன்?

கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலைக்காக, கொழுந்து வாட்டும் தொட்டிகளின் ஈரப்பதத்தைப் பதியும் நிரல் எழுதும் நண்பரின் கேள்வி: "15 பைட் பதிவை மெம்காப்பியால் (சி மொழியின் நினைவக நகல் செயற்கூறு) நகலெடுக்கிறேன். கிளாங் தொகுப்பி (கம்பைலர்) தந்த அசெம்பிளியில், அதாவது செயலிக்கான ஆணைப் பட்டியலில், அந்த அழைப்பே இல்லை. 8 பைட்டாக இரண்டு முறை நகலெடுக்கிறது. மொத்தம் 16 ஆகிறதே, எல்லை மீறவில்லையா?"

மீறவில்லை. இரண்டாவது ஆணை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்: 8இல் அல்ல, 7இல். முதலாவது 0 முதல் 7 வரை. அடுத்தது 7 முதல் 14 வரை. 7ஆம் பைட் இருமுறை எழுதப்படுகிறது. இரண்டு முறையும் அதே மதிப்புதான் என்பதால் கேடில்லை. இப்படி மேற்படியாமல் செய்தால் 8, 4, 2, 1 என நான்கு முறை படித்து நான்கு முறை எழுத வேண்டும். இங்கே இரண்டோடு முடிகிறது. எவ்வளவு அழகான உத்தி!

தொகுக்கும்போதே அளவு தெரிந்தால்தான் இது நடக்கும். ஓடும்போதுதான் தெரியுமென்றால் பெரும்பாலும் நூலக அழைப்புதான். சிறிய நகலுக்கு அந்த அழைப்பும், உள்ளே அளவைச் சோதிக்கும் கிளைகளுமே கூடுதல் செலவு.

தொட்டியருகே உள்ள கருவியில் கார்டெக்ஸ்-எம்0 என்ற சிறு செயலி இருந்தால் கதை வேறு. அதில் சீரமையாத (4ஆல் வகுபடாத) முகவரியிலிருந்து 4 பைட் படித்தாலே பிழை எழும். ஆகவே இந்த உத்தி செல்லாது. கணினிகளில் உள்ள எக்ஸ்86 வகைச் செயலிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு 4 பைட் புலங்களை எழுதிய கையோடு அவற்றை ஒரே 8 பைட்டாகப் படித்தால், எழுதியவை கேச்சை (செயலியின் விரைவு நினைவகத்தை) சேரும்வரை செயலி காத்திருக்க நேரும். எனவே பதிவைத் தனியே நிரப்பி உடனே நகலெடுக்காதீர்கள். சேர வேண்டிய இடத்திலேயே நேராக நிரப்புங்கள்.